சாப்பாட்டு மேசையில் ஒரு ஜன்னல்

அக்காவாகப் பிறந்தவளுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது என்பது அவளுக்குப் புதுச் சேதி இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் வேலைவிட்டு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பியவள், சாப்பாட்டு மேசைமேல் ஒரு முழு ஜன்னல் கதவு மல்லாந்து கிடப்பதைப் பார்த்ததும், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிடலாமா என்று நினைத்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. காலையிலிருந்து வீங்கிய கன்னங்களைப் பார்த்து, "இதோ கூப்பிட்டுடுவாங்க, இதோ கூப்பிட்டுடுவாங்க" என்று பொய் சொல்லியே வாய் ஓய்ந்திருந்தது. சூடாக ஒரு வாய்ச் சாப்பாடு, அதை வைத்துக்கொள்ள ஒரு மேசை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

"இது என்னடா?"

"நடு ரூம் ஜன்னல்க்கா," என்றான் தம்பி, தலையை நிமிர்த்தாமல்.

"அது தெரியுது. தட்டை எங்க வைக்கிறது?"

"மடியில வச்சுக்கலாமே," என்றார் அவள் புருஷன். ஜன்னலின் மறுமுனையைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார். "நேத்தும் அப்படித்தானே சாப்பிட்டோம்?"

பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும். அக்கா சமையலறைக்குப் போனாள். காலையில் பிசைந்து மூடி வைத்துவிட்டுப் போன கோதுமை மாவில் பாதியைக் காணோம்.

"மாவு எங்க?"

"அளவு எடுக்கக் கொஞ்சம் எடுத்தேன்க்கா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தம்பி வேலை செய்யும் முறை அப்படி. பழைய மர ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும் என்றால் மற்றவர்கள் கடைக்குப் போய் ஒரு சுருள் வாங்கி, வெட்டி, ஒட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். இவன் மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்துக் கதவை மூடுவான். மூடித் திறந்தால் உருண்டை நசுங்கியிருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு தடிமனுக்கு நசுங்கியிருக்கிறதோ, அந்த இடத்து இடுக்கு அவ்வளவு. பழைய மரம் நேராகவா இருக்கும்? மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. அதற்கேற்ற பட்டை கடையில் இல்லையென்றால் வரவழைக்க வேண்டும். வந்தது சரியில்லையென்றால் திருப்பியனுப்ப வேண்டும். கீல் பக்கம் மெல்லிய பட்டை, தாழ்ப்பாள் பக்கம் தடித்த பட்டை. மாற்றி ஒட்டினால் கதவு மூடாது, அழுத்தி மூடினால் கீலின் திருகாணி மரத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல அவள் புருஷன் ஏதோ புராணம் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் அவளேதான். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

தெருவில் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிய சமயத்தில் தம்பி ஒரு பையோடு வந்து நின்றான். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றான். என்னடா விஷயம் என்றால், "ஒண்ணுமில்ல, வீட்ல ஒரு சின்னப் பேச்சு." பொண்டாட்டியையும் ஆறு வயதுப் பெண்ணையும் விட்டுவிட்டு வந்திருக்கிறான், சின்னப் பேச்சாம். எங்கேயாவது ஆபீஸுக்குப் போகிறவனாக இருந்தால் லீவு தீர்ந்து ஓடியிருப்பான். இவனோ கணினியில் யாருக்கோ எதையோ தட்டி அனுப்புகிறவன். எங்கே உட்கார்ந்து தட்டினாலும் சம்பளம் வந்துவிடும். மத்தியானத்துக்குள் தட்டி முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் சோபாவில் கவிழ்ந்து கிடந்தான். பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் இவள்தான் வாயைக் கொடுத்தாள்.

"சும்மா கிடக்கிறதுக்கு இந்த ஜன்னலுக்காவது பட்டை மாத்துடா. பழசு தொட்டாலே தூளாக் கொட்டுது. முதுகுல காத்து அடிக்குது."

அவ்வளவுதான். சோபாவிலிருந்து எழுந்தவன் திரும்ப உட்காரவே இல்லை. மக்கிப்போன பஞ்சுப் பட்டையைச் சுரண்டினான், பிசினைச் சுரண்டினான், பிசினுக்கு அடியில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டினான். உப்புத்தாளால் தேய்த்தான். வீடு முழுக்கப் பழுப்புத் தூள். அவர்கள் இருந்தது ஒரு சாவிக் கடைக்கு மேலே உள்ள மாடி வீடு. கடைக்காரர் மேலே வந்து, வீட்டை இடிக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு ஜன்னல் முடிய ஒரு வாரம். முடிந்த ஜன்னலைக் குறை சொல்ல முடியாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் போதும், மெத்தைமேல் மெத்தை வைத்த மாதிரி சத்தமில்லாமல் போய் மூடிக்கொள்ளும். திரைச்சீலை அசையாது. குழாயடியில் பாத்திரம் கழுவும்போது இப்போது அவளுக்குக் கை விறைப்பதில்லை.

ஆனால் இரண்டு ஆண்களும் சேர்ந்து அதை ஒரு கச்சேரியாக ஆக்கிவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து செய்தித்தாளை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மனுஷர், மச்சினன் புண்ணியத்தில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். ஒரு துண்டுக் காகிதத்தை இடுக்கில் வைத்து ஜன்னலை மூடி, காகிதத்தை இழுத்துப் பார்ப்பார். வராவிட்டால் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறது. உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் மறுபடி வேலை. "வந்துடுச்சே மாப்ள!" என்று அவர் சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தம்பி பெண்டாட்டிக்குப் போன் செய்வாள். "நல்லா இருக்கோம் அண்ணி" என்பதைத் தாண்டி அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது. அவளும் அழுத்தக்காரி. என்ன சண்டை என்று அவளும் சொன்னதில்லை, இவனும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே பேசினாள்.

"அண்ணி, ஆபீஸ்ல எனக்கு வேற ஊர் கிளைக்கு மாத்தல் குடுத்திருக்காங்க. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அவர் வர்றதா இருந்தா வரட்டும். இல்லேன்னா நானும் பொண்ணும் கிளம்புறோம். வீட்டைக் காலி பண்ணிட்டுத்தான் போவேன். அப்புறம் அவர் வந்து நிக்க இங்க இடமிருக்காது."

குரலில் கோபமில்லை. கோபமாகப் பேசுகிறவளைச் சமாதானப்படுத்தலாம். கணக்கை முடித்துவிட்டவள் மாதிரிப் பேசுகிறவளை என்ன செய்வது?

போனை வைத்துவிட்டு நேராகத் தம்பியிடம் போனாள். சொன்னாள். அவன் கையிலிருந்த சுரண்டி ஒரு கணம் நின்றது, மறுபடி சுரண்டியது.

"காது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. இந்தக் கடைசி ஜன்னல் முடிஞ்சதும் போயிடறேன். பாதியில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"டேய், குடும்பம் பாதியில நிக்குது! ஜன்னலாடா பெரிசு?"

"அவ முகத்துல எப்படிக்கா முழிக்கிறது?" என்றான் அவன், மரத்தைப் பார்த்துக்கொண்டே.

பயந்தாங்கொள்ளி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பெயில் ஆனால் வீட்டுக்கு வராமல் பக்கத்துவீட்டுக் கோழிக்கூட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பான். இவள்தான் போய்க் காதைப் பிடித்து இழுத்து வர வேண்டும். இந்த வயதில் எந்தக் காதைப் பிடிப்பது?

அந்த வாரம் முழுக்க அவள் உயிரை வாங்கினார்கள். ஜன்னல் இதோ முடிகிறது, அதோ முடிகிறது என்று சொல்லிச் சொல்லி முடியவே இல்லை. புதன்கிழமை ஏற்கெனவே முடிந்த படுக்கையறை ஜன்னலை அவள் புருஷன் சோதித்து, "மாப்ள, இங்க பேப்பர் உருவுது" என்று அறிவித்தார். தம்பி ஆவலோடு ஓடி வந்தான். அக்காவுக்கு ஏதோ பொறி தட்டியது. அவன் பட்டை எடுக்கப் போன நேரத்தில் அவளே அந்தக் காகிதத்தை வாங்கி, வைத்து மூடி, இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். காகிதம்தான் கிழிந்தது.

"ஏங்க, பொய்யா சொல்றீங்க?"

அவர் திருட்டு முழி முழித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "வீட்ல பேச ஒரு ஆள் இருக்கான். நீ காலையில போனா பொழுது சாய வர்ற. நான் சுவத்தோடயா பேசறது?" என்றார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் பாவமாவது புண்ணியமாவது என்று ஆகிவிட்டது. "உங்களுக்குப் பேச்சுத் துணை வேணும்னு அந்தக் குழந்தை அப்பன் இல்லாம வளரணுமா?" என்று கேட்டாள். அவர் கிழிந்த காகிதத்தை மடித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்த இருவரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று அன்றே அவள் முடிவு கட்டினாள். தம்பி பெண்டாட்டிக்குப் போன் செய்தாள்.

"ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போம்மா. அவன் பழைய ஆள் இல்ல. என்னமா வேலை செய்யறான் தெரியுமா? நேர்ல பாத்தா நீயே அசந்துபோவ."

என்ன வேலை என்று சொல்லவில்லை. கண்ணால் பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். சோம்பேறி, எதையும் முடிக்காதவன் என்பதுதானே எந்தப் பெண்டாட்டியும் எந்தப் புருஷனைப் பற்றியும் சொல்லும் குறை? அந்தக் குறைக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

"சரி அண்ணி, சனிக்கிழமை வர்றேன். உங்களுக்காக," என்றாள் அவள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். மெலிந்திருந்தாள். குழந்தையைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். கோட்டைக் கழற்றவில்லை. தம்பி சாப்பாட்டு மேசைப் பக்கத்தில், கடைசி ஜன்னலுக்கு முன்னால், பட்டையும் கையுமாக நின்றான். "வா" என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஜன்னல் கதவைக் கழற்றி மேசைமேல் போட்டிருந்ததால், தெருப் பக்கத்துச் சட்டம் வெறும் ஓட்டையாக இருந்தது. அதில் தொங்கவிட்டிருந்த பழைய போர்வை படபடத்தது.

யாரும் எதுவும் பேசுவதற்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "இங்க வாம்மா, இதைப் பாரு" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். சமையலறை ஜன்னல். "ஒரு விரலால தள்ளு. தள்ளிப் பாரேன். பாத்தியா, சத்தம் வந்துச்சா? எல்லாம் உன் வீட்டுக்காரன் கைவேலை." படுக்கையறை ஜன்னல். "இங்க கையை வை. காத்து வருதா? போன வருஷம் இந்த ரூம்ல சாக்ஸ் போட்டுக்கிட்டுத் தூங்கினோம்." குளியலறையின் சின்ன ஜன்னலைக்கூட விடவில்லை. மூலையில் பட்டையை எப்படிச் சாய்த்து வெட்டிப் பொருத்தியிருக்கிறான் என்று விரலை வைத்துக் காட்டினாள். மாவு உருண்டைக் கதையை, இத்தனை நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த அதே கதையை, இன்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

தம்பி பெண்டாட்டி ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அசந்துபோய்விட்டாள் என்று அக்கா நினைத்தாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளுக்குள் பூரித்தும் போனாள். தம்பி மட்டும் பின்னாலேயே வந்து, "அக்கா, போதும்க்கா... அக்கா..." என்று முனகிக்கொண்டிருந்தான். அடக்கம்போல என்று அவள் கண்டுகொள்ளவில்லை.

சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்தார்கள். தம்பி பெண்டாட்டி மேசைமேல் கிடந்த ஜன்னல் கதவைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நல்லா வருதே உங்களுக்கு," என்றாள்.

அவன் தலை குனிந்தது.

"அண்ணி, எங்களுக்குள்ள என்ன சண்டைன்னு இவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லையேம்மா."

"எங்க வீட்டு ஜன்னல்தான்."

அக்கா மேசைமேல் கிடந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொண்ணு பொறந்த வருஷத்துலேர்ந்து சொல்றேன். அதே மாதிரி மர ஜன்னல், அதே மாதிரி தூளாக் கொட்டுது. இதோ பண்றேன், இதோ பண்றேன்னார். இடுக்குல துணியைச் சொருகி வச்சிருக்கேன். மழை பெஞ்சா துணி நனைஞ்சு சுவரெல்லாம் பூசணம். பொண்ணு கட்டிலைக் கதவுப் பக்கம் தள்ளிப் போட்டும் அவளுக்கு இருமல் நிக்கல. அன்னிக்கு ராத்திரி அவ இருமிக்கிட்டே இருந்தா. 'உங்களால ஒரு ஜன்னலை அடைக்க முடியலையா'ன்னு கேட்டேன். பையைத் தூக்கிட்டு வந்துட்டார்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இங்க வந்து வீடு முழுக்க அடைச்சிருக்கார். சாய்ச்சு வெட்டி அடைச்சிருக்கார்."

"முதல்ல கத்துக்கிட்டு, அப்புறம் அங்க வந்து..." என்று தொடங்கினான் தம்பி. "நிஜமாத்தான் சொல்றேன். அங்க வந்து சொதப்பக் கூடாதுன்னுதான்..."

"கத்துக்கிறதுக்கு அக்கா வீடு. குளிர்றதுக்கு நாங்களா?"

அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. அதனால்தான் அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அதைவிடத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. ஒவ்வொரு ஜன்னலாகக் கூட்டிக்கொண்டு போய், இதைப் பார், அதைத் தொடு என்று தம்பி பெண்டாட்டியின் வயிற்றெரிச்சலில் எண்ணெய் ஊற்றியவள் யார்? குளியலறை ஜன்னலைக்கூட விடவில்லையே!

தம்பி பெண்டாட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மேசை ஓரத்தில் இருந்த ரப்பர் பட்டைச் சுருளைக் காட்டி, "அண்ணி, இது மிச்சமா? நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள். "போற வரைக்கும் பொண்ணு தூங்குற இடத்துல மட்டுமாவது நானே ஒட்டிக்கிறேன். எனக்குச் சாய்ச்சு வெட்டத் தெரியாது. பரவாயில்ல."

சுருளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழ்க்கதவு சாத்திக்கொண்டது.

மூன்று பேரும் நின்றார்கள். தம்பி வாசலைப் பார்த்தான். மேசைமேல் பாதி ஒட்டிய ஜன்னலைப் பார்த்தான். கையிலிருந்த பட்டையைப் பார்த்தான்.

"இந்தக் கீல் பக்கம் மட்டும் ஒட்டி மாட்டிட்டா..." என்றான்.

அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, கீழே சாவிக் கடையில் இயந்திரம் நின்றது.

"டேய்! மாட்டாதடா! அது அப்படியே கிடக்கட்டும்! ஓடுடா!"

அவன் பட்டையைப் போட்டான். கருவிப் பெட்டியைத் தூக்கினான். ஓடினான். கோட்டை எடுக்கவில்லை.

"ஜன்னலை மாட்டிட்டாவது போகச் சொல்லேன்," என்றார் அவள் புருஷன்.

அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. போர்வையை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே தள்ளினாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. வெறும் சட்டத்துக்கு வெளியே தலையை நீட்டித் தெருவைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி விறுவிறுவென்று எதிர்ச்சாரியில் இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெட்டி கடகடக்க இவன் கீழ்க்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். அக்கா அவன் கோட்டைச் சுருட்டி மேலிருந்து எறிந்தாள். அது அவன் தோளில் பட்டு விழுந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு ஓடினான்.

நிறுத்தத்தில் அவன் ஏதோ சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அந்தப் பக்கம் போய் நின்று சொன்னான். அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். அவன் பெட்டியும் கையுமாக, ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் கீழேயே நின்றான். அக்கா கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் பஸ் படிக்கட்டிலிருந்து அழுகையும் எரிச்சலுமாக ஒரு குரல், தெரு முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"ஏறித் தொலைங்களேன்!"

ஏறினான். பஸ் போய்விட்டது.

அக்கா சட்டத்தைப் பிடித்தபடி நின்று அழுதாள். சந்தோஷமா ஆத்திரமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. திங்கட்கிழமைக்கு முன் அந்தக் குழந்தையின் ஜன்னலை மூடிவிடுவானா, மூடினாலும் அவன் பெண்டாட்டி மனசு இளகுமா, ஒன்றும் நிச்சயமில்லை. அவள் புருஷன் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். மேசைமேல் கிடந்த ஜன்னலையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போயிட்டானா?" என்றார்.

"போயிட்டான்."

"இதை மாட்ட எனக்கு வராதே."

"தெரியும்," என்றாள் அவள். "கோட்டை எடுத்துப் போட்டுக்குங்க. இனிமே கொஞ்ச நாள் நாம குளிருவோம்."